முன்பின் அறியாத ஓடைகளில் ஒரு நாள் டிரவுட் பிடிப்பது எப்படி: வடக்குப் பென்சில்வேனியாவுக்கான முழுமையான வழிகாட்டி

பென்சில்வேனியாவின் மீன் மற்றும் படகு ஆணையம் தன் பண்ணைகளில் வளர்த்த டிரவுட் மீன்களை ஆண்டுதோறும் ஏறத்தாழ 32 லட்சம் என்ற கணக்கில் மாநிலத்தின் ஓடைகளிலும் ஏரிகளிலும் விடுகிறது. அவற்றைத் தேடிக் காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம் என்பதால், ஃபிலடெல்ஃபியா, நியூ ஜெர்சிப் பக்கத்தில் வசிக்கும் நம்மவர்கள் பலர் வசந்தகாலத்தில் வடக்கு நோக்கிப் போகிறார்கள். அவர்களில் புதியவர்கள் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கிறது. கடைக்குப் போய்த் தூண்டில் வாங்குவதில் தொடங்கி, எந்த ஓடை, அதில் எந்தப் பகுதி, காரை எங்கே நிறுத்துவது, அன்றைக்குத் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியின் வரிசை வேறு: முதலில் சட்டம், பிறகு தண்ணீர், பிறகு நிற்கும் இடம், அதன்பின் கருவி.

எடுத்துக்காட்டாக லைகமிங், சலிவன் மாவட்டங்களை எடுத்துக்கொள்கிறேன். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து கார்ப் பயணம் ஏறத்தாழ மூன்று மணி நேரம். லாயல்சாக், மன்சி, லைகமிங் என்ற மூன்று ஓடைகளும் தெற்கு நோக்கி இறங்கி சஸ்குவஹானா ஆற்றின் மேற்குக் கிளையில் சேர்கின்றன. மூன்றுக்கும் பக்கத்திலேயே நெடுஞ்சாலை ஓடுவது, இடம் தெரியாதவருக்குப் பெரிய வசதி.

1. உரிமமும் விதிகளும்

16 வயது நிரம்பிய எவருக்கும் மீன்பிடி உரிமம் வேண்டும். டிரவுட்டுக்கு அதற்கு மேல் தனியாக டிரவுட் அனுமதியும் வேண்டும். இரண்டையும் ஆணையத்தின் இணையதளத்திலேயே வாங்கலாம். நியூ ஜெர்சி உரிமம் பென்சில்வேனியாவில் செல்லாது என்பதால் அங்கிருந்து வருபவர்கள் வெளிமாநிலத்தவருக்கான உரிமத்தை எடுக்க வேண்டும். உரிமத்தை மட்டும் எடுத்துவிட்டு டிரவுட் அனுமதியை மறந்துவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி காணும் தவறு. இதை முந்தைய நாளே முடித்து, கைப்பேசியில் ஒரு படமாகவும் சேமித்துவிடுங்கள், ஏனென்றால் மலைப் பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

பருவம் ஏப்ரல் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்குகிறது. பிப்ரவரியின் மூன்றாம் திங்கட்கிழமை கழிந்ததிலிருந்து அந்த நேரம் வரை, மீன் விடப்படும் ஓடைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டிருக்கும். பிடித்துத் திரும்ப விடுவதற்காகக்கூட அங்கே தூண்டில் போடக் கூடாது. தொடக்க நாளிலிருந்து செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் நாள் வரை ஒருவர் ஒரு நாளைக்கு 5 டிரவுட் வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பிந்தைய நீட்டித்த பருவத்தில் 3. எதுவாக இருந்தாலும் மீன் குறைந்தது 7 அங்குலம் இருக்க வேண்டும்.

இவை பொது விதிகள். சில ஓடைகளின் குறிப்பிட்ட பகுதிகளுக்குத் தனி விதி உண்டு, புதியவர்கள் சிக்கிக்கொள்வது அங்கேதான். லாயல்சாக்கில் ‘தாமத அறுவடை, செயற்கை இரை மட்டும்’ என்று குறிக்கப்பட்ட பகுதி இருக்கிறது. அத்தகைய பகுதியில் ஜூன் 15 முதல் தொழிலாளர் நாள் வரை மட்டுமே, அதுவும் 9 அங்குலத்துக்குக் குறையாத 3 மீன்களை எடுக்கலாம். மற்ற காலங்களில் பிடித்த ஒவ்வொரு மீனையும் விட்டுவிட வேண்டும். மண்புழு, மாவு இரை போன்றவற்றை அங்கே பயன்படுத்துவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதும் விதிமீறல். எல்லையைக் காட்டும் அறிவிப்புப் பலகைகள் மரங்களில் அடிக்கப்பட்டிருக்கும். காரை நிறுத்தியதும் தண்ணீரைப் பார்க்கும் முன் மரங்களைப் பாருங்கள்.

2. மீன் விடும் அட்டவணையைப் படித்தல்

எந்த ஓடையில், எந்த நாளில் மீன் விடப்படும் என்ற அட்டவணையை மாவட்டவாரியாக ஆணையமே தன் இணையதளத்திலும் கைப்பேசிச் செயலியிலும் வெளியிடுகிறது. பலர் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதைவிடப் பயனுள்ளது, மீன் விடப்படும் பகுதியின் மேல் எல்லையும் கீழ் எல்லையும். ஒரு ஓடை 30 மைல் நீளம் இருந்தாலும் மீன் விடப்படும் பகுதி அதில் சில மைல்களாகவே இருக்கலாம். அந்த எல்லைகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள் அல்லது வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மீன் விட்ட அதே நாளில் போய்ச் சேர்வதற்கு அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. பண்ணைத் தொட்டியிலிருந்து லாரியில் வந்து குளிர்ந்த ஓட்டத்தில் விழுந்த மீன், முதலில் அந்த நீருக்குப் பழக வேண்டும். ஓரிரு நாள் சரியாக இரை எடுக்காது. மூன்றிலிருந்து பத்து நாள் கழித்துப் போனால், மீன் பழகியிருக்கும், லாரியைப் பின்தொடர்ந்து வந்த கூட்டமும் கலைந்திருக்கும். லாரி பாலங்களின் பக்கத்திலும் சாலை ஓடையைத் தொடும் இடங்களிலும்தான் மீனை இறக்குகிறது. நாட்கள் போகப் போக மீன்கள் அங்கிருந்து அருகிலுள்ள மடுக்களுக்குப் பரவுகின்றன. வெள்ளம் வந்தால் இன்னும் கீழே போய்விடுகின்றன. இந்த ஒன்றை மனத்தில் வைத்தால் எங்கே தேடுவது என்பதில் பாதி விளங்கிவிடும்.

3. முதன்மை ஓடை ஒன்று, மாற்று ஓடை ஒன்று

பழக்கமில்லாத ஊருக்குப் போகும்போது ஒரே ஓடையை நம்பிப் போகக் கூடாது. பெரிய ஓடை ஒன்றையும், அதிலிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் உள்ள சிறிய ஓடை ஒன்றையும் தேர்ந்தெடுங்கள். மழை பெய்தால் சிறிய ஓடை சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் தெளிந்துவிடும், பெரியது கலங்கியே கிடக்கும். மழையில்லாத வறண்ட வாரங்களில் சிறிய ஓடை மெலிந்து மீன் மிரளும், அப்போது பெரியதே கைகொடுக்கும்.

லாயல்சாக்கும் மன்சியும் இதற்குப் பொருத்தமான இணை. மாண்டூர்ஸ்வில்லில் 87ஆம் எண் சாலையைப் பிடித்தால் ஃபோர்க்ஸ்வில் வரை லாயல்சாக் உடன் வருகிறது. அங்கிருந்து 154ஆம் எண் சாலையில் வேர்ல்ட்ஸ் எண்ட் மாநிலப் பூங்கா வழியாக லபோர்ட்டுக்கு ஏறி, 220ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் சோன்ஸ்டவுன் அருகே மன்சி ஓடை சேர்ந்துகொள்கிறது. ஹியூஸ்வில் வரை அதன் ஓரமாகவே வரலாம். போன வழியில் திரும்பாமல் ஒரு வட்டமாக நாள் முடிகிறது. மூன்று ஓடைகளையும் ஒரே நாளில் பார்த்துவிட ஆசைப்படாதீர்கள். காரில் கழியும் நேரம் தூண்டிலில் கழியாது.

4. முந்தைய மாலை: நீர்மட்டமும் வெப்பமும்

அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் இந்த ஓடைகளில் அளவு நிலையங்களை வைத்து, நீரோட்டத்தை நாள் முழுவதும் இணையத்தில் வெளியிடுகிறது. லாயல்சாக்குக்கு லாயல்சாக்வில்லிலும், மன்சிக்கு சோன்ஸ்டவுன் அருகிலும், லைகமிங்குக்கு டிரவுட் ரன் அருகிலும் நிலையங்கள் உள்ளன. எண்ணை மட்டும் பார்த்தால் புதியவருக்கு ஒன்றும் புரியாது. இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, அதே தேதிக்குப் பல ஆண்டுகளின் நடுமட்ட அளவு என்ன, இன்றைய ஓட்டம் அதற்கு மேலா கீழா என்பது. இரண்டாவது, ஓட்டத்தைக் காட்டும் வரைபடக் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது. நடுமட்டத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்து, கோடு இறங்கிக்கொண்டிருந்தால் அது நல்ல நாள்: நீர் தெளியத் தொடங்கியிருக்கும், மீனுக்கு மறைவும் இருக்கும். நடுமட்டத்தைப்போல் இரண்டு மூன்று மடங்காகி இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் பெரிய ஓடையை விட்டுவிட்டு மாற்று ஓடையைப் பாருங்கள். அதுவும் ஏறினால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

வெப்பம் அதைவிட முக்கியம். டிரவுட் நன்றாக இரை எடுப்பது ஏறத்தாழ 50 முதல் 65 டிகிரி ஃபாரன்ஹீட் வரையான நீரில், அதாவது 10 முதல் 18 டிகிரி செல்சியஸில். ஏப்ரல் தொடக்கத்தில் இந்த மலை ஓடைகள் அதைவிடக் குளிராக இருப்பதால் மீன் அடிமட்டத்தில் சோர்ந்து கிடக்கும்; வெயில் ஏறிய பிறகு, காலை பத்து மணிக்கு மேல், அசையத் தொடங்கும். ஆகவே தொடக்க நாளைத் தவிர மற்ற ஏப்ரல் நாட்களில் விடியலுக்கு முன் கரையில் நிற்க வேண்டியதில்லை. மலைமேல் பனி மிச்சமிருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்: வெயிலில் உருகிய பனிநீர் பிற்பகலில் ஓடைக்கு வந்து நீரை மறுபடியும் குளிரவைக்கும். ஜூனில் எல்லாம் தலைகீழ். விடியற்காலையே நல்ல நேரம். நீர் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 20 செல்சியஸைத் தாண்டினால் பிடித்து விட்ட மீன் பிழைக்கும் வாய்ப்பும் குறைகிறது, எனவே அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சிறிய வெப்பமானி ஒன்றை நூலில் கட்டி எடுத்துச் செல்லுங்கள்.

5. நிற்கும் இடங்களைக் குறித்தல்

மீன் அரசு விட்டது என்பதால் கரையும் பொதுவானது என்று நினைப்பது மிகப் பெரிய தவறு. மீன் விடப்படும் ஓடைகளின் கரைகள் பெரும்பாலும் தனியார் நிலங்கள். நில உரிமையாளர் மனமுவந்து விட்டுவைத்திருப்பதால்தான் நாம் அங்கே நிற்கிறோம், அவர் மறுத்துவிட்டால் அந்தப் பகுதியில் மீன் விடுவதே நின்றுபோகும். நுழையாதே என்ற பலகை இருந்தால் நுழையக் கூடாது. பலகை இல்லாவிட்டாலும் மரங்களில் செங்குத்தாக ஊதா நிறக் கோடுகள் தீட்டப்பட்டிருந்தால் அதற்கும் அதே பொருள்தான். 2020 முதல் இந்த மாவட்டங்களில் அது சட்டம். புதியவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை, மரம் வெட்டுவதற்கான அடையாளம் என்று எண்ணிக் கடந்து போகிறார்கள்.

முந்தைய இரவில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, நீங்கள் எழுதிவைத்த எல்லைகளுக்குள் ஆறேழு இடங்களைக் குறியுங்கள். முதலில் பொது நிலங்கள்: வேர்ல்ட்ஸ் எண்ட் பூங்கா, லாயல்சாக் மாநிலக் காடு, மாநில வேட்டை நிலங்கள். அடுத்து ஆணையத்தின் வரைபடத்தில் உள்ள அணுகுமிடங்கள். கடைசியாகப் பாலங்கள். ஒவ்வொன்றிலும் ஓடை வளைகிறதா, நேராகப் போகிறதா என்று பாருங்கள். வளைவின் வெளிப்புறத்தில் ஆழம் இருக்கும். வரைபடத்தைச் சிக்னல் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காரை நிறுத்தும்போது வயலுக்கும் காட்டுக்கும் போகும் வாயில்களை மறிக்காதீர்கள். வேலியில்லாத வீட்டுப் பக்கம் என்றால் கதவைத் தட்டிக் கேட்டுவிடுங்கள். பணிவாகக் கேட்பவரை அந்தப் பக்கத்து மக்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை, நல்ல மடு எது என்றும் சொல்லி அனுப்புவார்கள்.

6. கருவிகள்

ஐந்தரை முதல் ஆறரை அடி நீளமுள்ள இலேசான ஸ்பின்னிங் ராடு, 1000 அல்லது 2000 அளவு ரீல், 4 பவுண்ட் இழுப்பைத் தாங்கும் நைலான் நரம்பு: இவ்வளவு போதும். நம்மவர்கள் கடலிலோ ஏரியிலோ பழகிய 10, 12 பவுண்ட் நரம்பையே சுற்றிக்கொண்டு வருவதுண்டு. தெளிந்த ஓடையில் அந்தத் தடித்த நரம்பு மீன் கண்ணுக்குப் படுகிறது. அதோடு, ஓட்டம் அதைப் பிடித்து இழுத்து இரையை இயல்புக்கு மாறாக ஓடவைக்கிறது. இரண்டாவது காரணமே பெரியது.

தூண்டில் முள் 8 முதல் 12ஆம் எண் வரை. முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறியது என்பதைக் கடையில் நினைவில் வையுங்கள். பிளந்த ஈயக்குண்டுகள் பல அளவுகளில், சிறிய தக்கை இரண்டு, 1/16 முதல் 1/8 அவுன்ஸ் எடையுள்ள ஸ்பின்னர் எனப்படும் சுழல்தகட்டுச் செயற்கை இரை நான்கைந்து. இரைக்கு மீல்வேர்ம் எனப்படும் மாவுப் புழுவும் சிறிய மண்புழுவும். டப்பாவில் வரும் வண்ண மாவு இரை ஏரியில் நன்றாக வேலை செய்கிறது. வேகமான ஓட்டத்தில் கரைந்து கழன்றுவிடுகிறது. புதியவர் கடையில் முதலில் வாங்குவது அதுவாகவே இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

மற்றவை: ரப்பர் வலை, முள்ளைக் கழற்றும் நீண்ட மூக்குக் குறடு, அளவுகோல், ஒளித்தெறிப்பை நீக்கும் போலரைஸ்டு கண்ணாடி, ஐஸ் நிரப்பிய பெட்டி, மாற்று உடையும் துண்டும். கண்ணாடியை ஆடம்பரம் என்று விட்டுவிடாதீர்கள். நீர்ப்பரப்பின் பளபளப்பு நீங்கி அடிப்பாறையும் ஆழமும் தெரிவதால், மீனைக் கண்டுபிடிப்பதற்கும் காலை எங்கே வைப்பது என்று பார்ப்பதற்கும் அது உதவுகிறது.

7. முடிச்சையும் ஈயத்தையும் வீட்டிலேயே பழகுதல்

குளிரில் விறைத்த விரலோடு கரையில் நின்று முடிச்சு கற்றுக்கொள்ள முடியாது. முந்தைய இரவில் மேசை விளக்கின் கீழ் பழகுங்கள். நரம்பின் நுனியை முள்ளின் துளையில் நுழைத்து நான்கு அங்குலம் வெளியே இழுங்கள். அந்த நுனியைத் தாய் நரம்பின்மேல் ஐந்து சுற்று சுற்றுங்கள். துளைக்குப் பக்கத்தில் உண்டான சிறு வளையத்துக்குள் நுனியை விட்டு, பிறகு அதனால் உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் விடுங்கள். எச்சிலால் நனைத்து, தாய் நரம்பை மெல்ல இழுங்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகத் துளையை நோக்கி இறங்கி இறுகும். நனைக்காமல் இழுத்தால் உராய்வின் சூட்டில் நைலான் வலுவிழக்கிறது, மீன் மாட்டியதும் முடிச்சிலேயே அறுகிறது.

முள்ளுக்கு மேல் 12 முதல் 18 அங்குல உயரத்தில் சிறிய ஈயக்குண்டு ஒன்றைப் பதியுங்கள். பல்லால் கடித்துப் பதிப்பது பலரின் வழக்கம். ஈயம் நஞ்சு, குறடால் அழுத்துங்கள், அல்லது ஈயமற்ற தகரக் குண்டை வாங்குங்கள்.

8. கரைக்கு வந்தவுடன்

வந்த வேகத்தில் எறிய வேண்டாம். முதல் பத்து நிமிடம் கரையிலிருந்து பின்தள்ளி நின்று, பலகைகளைப் படித்து, வெப்பத்தை அளந்து, நீரின் நிறத்தைப் பாருங்கள். இரண்டடி ஆழத்தில் கற்கள் தெரிந்தால் ஸ்பின்னரும் புழுவும் இரண்டுமே பயன்படும். பாலைக் கொஞ்சமாகக் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் புழுவோடு கரையோரத்தைத் தேடுங்கள். கலங்கிய நீரில் மீன் ஓட்டத்துக்கு ஒதுங்கிக் கரையருகே வந்துவிடும்.

புதியவர்கள் செய்யும் இன்னொரு தவறு, நேராக முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, நடு ஓடையை நோக்கி எறிவது. எந்த மீனைப் பிடிக்க வந்தார்களோ அது பெரும்பாலும் அவர்கள் கால் வைத்த இடத்தில்தான் நின்றிருக்கும். முதல் எறிதல் கரையிலிருந்து, கரையருகே. அதன் பிறகே தூரம்.

இறங்கத்தான் வேண்டுமென்றால் நீர்க்காப்பு உடையின் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள். விழுந்தால் உள்ளே நீர் நிரம்புவதை அது தாமதப்படுத்தும். ஊன்றுகோல் ஒன்று வேண்டும். ஓட்டத்துக்குப் பக்கவாட்டில் நின்று, ஒரு கால் உறுதியாக ஊன்றிய பிறகே மற்றதை எடுங்கள். தொடைக்கு மேல் வேகமான நீரில் போகாதீர்கள். வேர்ல்ட்ஸ் எண்ட் பகுதியில் லாயல்சாக் பெரும்பாறைகளுக்கு இடையே பாய்கிறது, வசந்தகாலத்தில் அது படகோட்டிகள் வேகநீர்ப் பயிற்சிக்கு வரும் இடம். பூங்காவின் அமைதியான தோற்றத்தை நம்பி அங்கே குழந்தைகளோடு நீரில் இறங்க வேண்டாம்.

9. மடுவைப் படித்து எறிதல்

ஓடை ஒரே சீராக ஓடுவதில்லை. ஆழமற்ற கற்பரப்பில் சலசலத்து வரும் நீர் ஒரு பள்ளத்தில் விழுகிறது, அங்கே மெதுவாகிறது, பிறகு மறுபடியும் ஆழம் குறைந்து அடுத்த சலசலப்புக்குப் போகிறது. அந்தப் பள்ளம்தான் மடு. மடுவின் தலைப்பகுதியில் வேகநீர் நுழையும்போது அதன் இரு ஓரங்களிலும் வேகமும் மந்தமும் சந்திக்கும் ஒரு கோடு தெரியும்; நுரைக்குமிழிகள் அந்தக் கோட்டின்மேலேயே மிதந்து போகும். உணவும் அதே கோட்டில்தான் வருகிறது. மீன் மந்தமான பக்கத்தில் நின்றுகொண்டு, வேகமான பக்கத்தில் வருவதை எட்டிப் பிடிக்கிறது, காரணம் அதற்குச் செலவாகும் வலு குறைவு. பண்ணையில் வளர்ந்த மீன் பாயும் நீருக்குப் பழகாததால் மந்தநீரை இன்னும் அதிகம் நாடும். பாறையின் பின்புறம், விழுந்த மரத்தின் நிழல், பாலத் தூணின் பின்னே சுழலும் நீர் ஆகியவையும் அதே காரணத்துக்காக நல்ல இடங்கள்.

புழு இரையானால், மடுவின் தலைக்கு எதிரே நின்று, ஓட்டத்துக்கு மேற்புறமாகச் சாய்வாக எறியுங்கள். ராடின் நுனியை உயர்த்தி, நரம்பை நீரிலிருந்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு மேலே தூக்கி, இரை இறங்கிவரும் வேகத்திலேயே நுனியையும் நகர்த்துங்கள். ஈயம் அடிக்கற்களைத் தொட்டுத் தொட்டு வர வேண்டும். விரல் நுனியால் கதவை மெல்லத் தட்டுவது போன்ற அந்த உணர்வு நரம்பு வழியே உங்கள் ஆள்காட்டி விரலுக்கு வரும். ஒன்றுமே படவில்லை என்றால் இரை மீனின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது: இன்னொரு சிறு குண்டைச் சேருங்கள். ஒவ்வொரு எறிதலும் கல்லில் சிக்கினால் ஒன்றைக் கழற்றுங்கள். மடுவுக்கு மடு இதை மாற்ற வேண்டும். காலையில் போட்ட ஈயத்தோடே மாலை வரை நிற்பவரும், இடத்துக்கு இடம் மாற்றுபவரும் ஒரே கரையில் நின்றால், வேறுபாடு மதியத்துக்குள் தெரிந்துவிடும். இரையின் நிறம், மணம் பற்றிய எல்லாப் பேச்சையும்விட இந்த ஒரு சிறு குண்டு அதிகம் செய்கிறது.

தட்டல் நின்று நரம்பு ஒரு கணம் அசையாமல் நின்றால், அல்லது ஓட்டத்துக்குக் குறுக்கே நகர்ந்தால், மணிக்கட்டை மட்டும் அசைத்து நுனியை உயர்த்துங்கள். குளிர்ந்த நீரில் டிரவுட் வெடுக்கென இழுக்காது, வாயில் வாங்கிக்கொண்டு நிற்கும். பெரிய இழுப்புக்குக் காத்திருப்பவர் பாதி மீன்களை அறியாமலே இழக்கிறார். பெரிய சிவப்பு வெள்ளைத் தக்கையும் இதே இழப்பைத்தான் தருகிறது. தக்கை வேண்டுமானால் சிறியதாக, மெலிந்ததாக, இரை அடியைத் தொட்டு வரும் ஆழத்தில் பொருத்துங்கள்.

ஸ்பின்னரானால் எதிர்க்கரைக்குச் சற்று மேற்புறமாக எறிந்து, தகடு சுழல்வதை நுனியில் உணரும் மிகக் குறைந்த வேகத்தில் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றுவதே பொதுவான தவறு. குளிர்நீர் மீன் துரத்தாது.

10. இடம் மாறுதல்

ஒரு மடுவில் அதன் தலை, இரு ஓரக் கோடுகள், நடு ஆழம், வால் ஆகியவற்றை முறையாகத் தேடியும் அரை மணி நேரத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் நகருங்கள். முதலில் ஈயத்தை மாற்றிப் பாருங்கள், அடுத்து இரையை, பிறகு இடத்தை. பாலத்தடியில் பத்துப் பேர் நிற்பதைப் பார்த்து அங்கேதான் மீன் இருக்கிறது என்று பதினோராவது ஆளாகச் சேர வேண்டாம். பருவம் தொடங்கி இரண்டு வாரம் ஆனபின் பாலத்தடி மீன்கள் பெரும்பாலும் பிடிபட்டிருக்கும். கால் மைல் கீழே நடந்தால், வழியில் யாரும் நிற்காத மடு ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். மேலே போவதைவிடக் கீழே நடப்பதை விரும்புகிறேன், விட்ட மீன் வெள்ளத்தோடு இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால்.

ஏற்கெனவே ஒருவர் நின்றால், அவர் எறியும் எல்லைக்குள் புகாமல் ஒரு மடுவை விட்டுத் தள்ளி நில்லுங்கள். நண்பகலுக்குள் முதன்மை ஓடை எதுவும் தராவிட்டால் தயங்காமல் மாற்று ஓடைக்குக் கிளம்புங்கள். மூன்று மணிக்கு மேல் எடுக்கும் அந்த முடிவால் பயனில்லை.

11. மீன் மாட்டிய பிறகு

ரீலிலிருந்து நரம்பு வெளிவருவதைக் கட்டுப்படுத்தும் டிராக் முன்பே தளர்வாக இருக்க வேண்டும்: கையால் இழுத்தால் அறுவதற்கு வெகு முன்பே நரம்பு வழுக்கி வெளிவர வேண்டும். மீனை ஓட்டத்துக்கு எதிராக இழுக்காமல், பக்கவாட்டில் மந்தநீருக்குக் கொண்டுவந்து வலையில் வாங்குங்கள்.

விடப்போகிறீர்களா, வைத்துக்கொள்ளப்போகிறீர்களா என்பதை உடனே தீர்மானியுங்கள். வைத்துக்கொள்வதற்காகக் கயிற்றில் கோர்த்த மீன் உங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டது. பெரியது கிடைத்ததும் சிறியதை அவிழ்த்துவிட முடியாது. விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு, மீனை நீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். உலர்ந்த கை பட்டால் அதன் மேலிருக்கும் கொழகொழப்பான காப்புப் படலம் உரிந்து நோய்த்தொற்றுக்கு வழியாகிறது. முள் தொண்டைக்குள் போயிருந்தால் பிடுங்காதீர்கள், நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள்.

வைத்துக்கொள்வதானால் தலையில் ஓங்கி அடித்து உடனே கொன்று, செவுளை வெட்டி இரத்தத்தை வடியவிடுங்கள். கூடிய சீக்கிரம் வயிற்றைக் கீறிக் குடலை நீக்கி, முதுகெலும்பை ஒட்டி ஓடும் கருஞ்சிவப்பு வரியைக் கட்டைவிரல் நகத்தால் வழித்து எடுங்கள்; குழம்பில் கசப்பும் வீச்சமும் வருவது அதிலிருந்துதான். தலையும் வாலும் வீட்டுக்குப் போகும் வரை ஒட்டியே இருக்கட்டும், அதிகாரி கேட்டால் இனத்தையும் நீளத்தையும் காட்ட வேண்டும். குடலை ஓடையில் எறியாமல் பையில் கட்டி எடுத்து வாருங்கள். மீனைப் பையிலிட்டு ஐஸின்மேல் வையுங்கள். உருகிய நீரில் ஊறினால் சதை குழைந்துவிடும். மாநில நீர்நிலைகளில் பிடித்த மீனை வாரத்துக்கு ஒரு வேளை, அதாவது 8 அவுன்ஸ், என்ற அளவுக்குள் உண்ணும்படி பென்சில்வேனியாவின் பொது அறிவுரை சொல்கிறது. குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் சமைக்கும்போது இதை மறக்க வேண்டாம்.

12. கிளம்பும் முன்

இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே காருக்குத் திரும்புங்கள். இந்தச் சாலைகளில் அந்தி நேரத்தில் மான்கள் குறுக்கே வருவது வழக்கம், மூன்று மணி நேரப் பயணமும் முன்னால் இருக்கிறது. கால், இடுப்பு, முழங்கால் பின்புறம், தலைமுடி ஆகியவற்றில் உண்ணி இருக்கிறதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். லைம் நோய் இம்மாநிலத்தில் பரவலாக உண்டு, எள்ளைவிடச் சிறிய உண்ணியும் அதைத் தரும். வீட்டில் குளிக்கும்போது இன்னொரு முறை பாருங்கள்.

ஒரு ஓடையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் காலணியிலும் வலையிலும் ஒட்டிய சேறு, பாசி அனைத்தையும் அங்கேயே உதறிக் கழுவுங்கள். நியூசிலாந்துச் சேற்றுநத்தை போன்ற அயல் உயிரிகள் இவ்வாறுதான் ஓடைக்கு ஓடை பரவுகின்றன. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் வெயிலில் முழுமையாக உலர்த்துங்கள். நரம்பின் கடைசி ஆறடியை விரல்களுக்கிடையே ஓடவிட்டு, கற்களில் உரசிச் சொரசொரப்பான பகுதியை வெட்டி எறிந்துவிட்டு ராடைச் சுவரில் சாத்துங்கள். எந்த மடுவில், என்ன வெப்பத்தில், எத்தனை குண்டோடு மீன் கிடைத்தது என்பதையும் அன்றிரவே வரைபடத்தில் குறித்துவையுங்கள். அடுத்த முறை அதே ஓடைக்குப் போகும்போது ஐந்தாம் பிரிவின் வேலை பாதி முடிந்திருக்கும்.